கோரிமேட்டு கஸ்டமர்

துர்கா பதினோராவது தடவையாக அப்பாவின் கையெழுத்தைப் போட்டாள். ‘பல’ கச்சிதமாக வந்தது. ‘ராமன்’தான் சறுக்கி விழுந்தார்.

"மணி ரெண்டே கால்," என்றாள், ஜன்னலோரம் காவல் நின்ற தோழி மெரின். "மாவு மில்லுக்குப் போன உங்கம்மா இப்ப வந்துடுவாங்க."

"பேசாம இரு. எழுத்து கோணுது."

"கோணாம என்ன பண்ணும்? ஆக்சுவரி ஆகப்போறவ, முதல் வேலையே ஃபோர்ஜரி."

துர்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மேஜை மேல் கிடந்த அந்த ஒற்றைத் தாளைப் பார்த்தாள். கல்லூரியிலிருந்து விலகிக்கொள்ள, டீசி கேட்டு எழுதும் விண்ணப்பம். லைப்ரரி புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஐ.டி. கார்டை ஒப்படைத்தாயிற்று. பாக்கி இருப்பது ஒரே ஒரு கட்டம். ‘பெற்றோர் கையொப்பம்.’ இன்று வெள்ளிக்கிழமை. நாலு மணிக்கு ஆபீஸ் அமுதவல்லி மேடம் பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவார். சனி, ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு டீசியோடு சென்னையில் நிற்காவிட்டால் அங்குள்ள கல்லூரியில் காலியான ஒரே ஓர் இடம் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

அந்த இடம் பி.எஸ்ஸி. ஆக்சுவரியல் சயின்ஸ்.

ஆக்சுவரி என்றால் என்னவென்று அவர்கள் குடியிருந்த சாரம் பகுதியில் அவள் விளக்காத ஆள் இல்லை. ஆயிரம் பேரில் எத்தனை பேர் எந்த வயதுவரை இருப்பார்கள், எத்தனை பேர் நடுவில் இறங்கிக்கொள்வார்கள் என்று கணக்குப் போடுகிற உத்தியோகம். இன்சூரன்ஸ் கம்பெனிகளில் ‘இவருக்கு இவ்வளவு பிரீமியம், இவருக்குப் பாலிசியே வேண்டாம்’ என்று முடிவு கட்டுகிறவர் அவர்தான்.

அப்பா பலராமன் இருபத்திரண்டு வருடமாக இன்சூரன்ஸ் ஏஜென்ட். கேட்டதும் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தாள். அவர் சாம்பாரில் இட்லியை அழுத்திக்கொண்டே, "என்னாது, மார்ச்சுவரியா?" என்றார்.

"ஆக்சுவரிப்பா."

"அதான். மார்ச்சுவரி."

அவ்வளவுதான். தெரு முழுக்கப் பரவிவிட்டது. எதிர்வீட்டு ராஜாம்பாள் அம்மாளிடம் ஒருநாள் உட்கார வைத்துச் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மாள், "அதுவும் ஒரு சேவைதான். ஆனா பொம்பளப் புள்ள, ஐஸ் பொட்டிகிட்ட தனியா நிக்கப் பயமா இருக்காதா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

கிண்டலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அப்பாவின் பேரத்தைத்தான் தாங்க முடியவில்லை.

"எத்தினி வருஷம்?"

"மூணு. அங்க திரும்ப முதல் வருஷத்துலேருந்து ஆரம்பிக்கணும்."

"இங்கயே மேத்ஸ் படிச்சா?"

"ஒரு வருஷம் முடிஞ்சிடுச்சே. இன்னும் ரெண்டு."

"அப்ப ரெண்டே படி. ரெண்டு வருஷத்துல முடியற மார்ச்சுவரி இருந்தா சொல்லு, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

ஒரு மாதமாக இதே பேச்சு. மீன் மார்க்கெட்டில்கூடச் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிற மனுஷன், பெற்ற மகளிடம் ஒரு வருடத்துக்காக மல்லுக்கு நின்றார். பணம் காரணமில்லை. கல்விக் கடனுக்கு அவரேதான் விசாரித்து வைத்திருந்தார். இன்று காலை, "இதான்ப்பா கடைசி நாள்" என்று தாளை நீட்டினாள். அவர் அதைப் பார்க்காமலே செருப்பை மாட்டினார்.

"கோரிமேட்டு கஸ்டமரைப் பாத்துட்டு வந்துடறேன்."

மொபெட் எட்டரைக்குக் கிளம்பியது. அப்போது அணைந்த போன் இன்னும் உயிர் பெறவில்லை.

கோரிமேட்டு கஸ்டமர் அந்த வீட்டில் பழைய ஜோக். பெயர் கொளஞ்சி. ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை அப்பா அவரைப் பார்க்கப் போவார். பதினோரு வருடமாகப் போகிறார். கொளஞ்சி இன்றுவரை ஒரு பாலிசிகூடப் போடவில்லை. "அந்தாளு பொம்பளையா இருந்தா நான் எப்பவோ சந்தேகப்பட்டிருப்பேன்," என்பாள் அம்மா சுமலதா. "பெரிய பார்ட்டி, சுமா. விழுந்தா மொத்தமா விழும்," என்பார் அப்பா.

"அம்மா தெருமுனைக்கு வந்துட்டாங்க," என்றாள் மெரின்.

துர்கா அவசரமாக அப்பாவின் டைரியை இழுத்தாள். இன்னொரு நல்ல மாதிரிக் கையெழுத்து கிடைக்காதா என்று பக்கங்களைத் தள்ளினாள். ஒரு கஸ்டமருக்கு ஒரு பக்கம். பெயர், பிறந்த தேதி, முகவரி, அவருக்குப் பிறகு பணம் வாங்கப்போகும் நாமினி. அப்பாவின் எறும்பு எழுத்து. ‘க’ வரிசையில் விரல் நின்றது.

கொளஞ்சி. வயது 41 என்று எழுதி, ஒவ்வொரு வருடமும் அடித்துத் திருத்தி, இப்போது 52. முகவரி: கோரிமேடு, பெரிய ஆஸ்பத்திரி எதிரில், செல்வாம்பாள் டீக்கடை. அதற்குக் கீழே ஒரு வரி.

நாமினி: துர்கா (மகள்).

மெரின் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். "அந்தாளு பொண்ணு பேரும் துர்காவா?"

துர்கா மனதுக்குள் கூட்டினாள். பதினோரு வருடம். ஒரு பாலிசியும் இல்லை. மாதம் தவறாத பயணம். அணைத்து வைத்த போன். அந்த வீட்டிலும் ஒரு துர்கா. அம்மா சிரித்துக்கொண்டே சொன்ன வார்த்தை இப்போது சிரிப்பாக இல்லை.

"இங்க பாரு," மெரின் குரலை இறக்கினாள். "உங்கப்பா அப்படிப்பட்ட ஆளு இல்ல..."

"எப்படிப்பட்ட ஆளு?"

மெரின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வண்டிய எடு, அம்மா வர்றதுக்குள்ள பின்வழியா போயிடலாம்," என்றாள் துர்கா. போலிக் கையெழுத்துக் காகிதத்தைக் கசக்கிப் பையில் திணித்தாள். வெற்று விண்ணப்பத்தை மடித்து ஜாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்தாள்.

---

ஜூலை வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. மெரின் ஸ்கூட்டரை ஓட்டியபடியே பேசினாள். பயந்தால் அவளுக்குப் பேச்சு நிற்காது.

"எங்க அலெக்சாண்டர் அண்ணன் பாரு, போன வாரமும் பிரெஞ்சு குடியுரிமைப் பேப்பர் வரல. எங்க பப்பா என்ன சொல்றாருன்னா, ரெண்டு வருஷத்துல எல்லாரும் பிரான்ஸ் போயிடுவோமாம். நான் பொறந்ததுலேருந்து அதே ரெண்டு வருஷம். எங்க தெருவுல யாரு வீட்டுக்கு வெள்ளை அடிக்கலன்னாலும் காரணம் அதான். ரெண்டு வருஷத்துல போறோமே, எதுக்கு வெள்ளை."

துர்காவின் காதில் பாதிதான் விழுந்தது. சிக்னலில் வண்டி நின்றபோது அவளுக்குப் பதினாலு வயது ஞாபகம் வந்தது.

ஒரு கோடை விடுமுறையில் அப்பாவின் தோல் பையைக் குடைந்தபோதுதான் அந்த அட்டவணை கிடைத்தது. ஒரு லட்சம் குழந்தைகள் பிறந்தால், ஒரு வயதில் எத்தனை பேர் மிச்சம், பத்தில் எத்தனை, ஐம்பதில், எண்பதில். வரி வரியாக ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். யாருக்கும் பெயர் இல்லை. யாரும் மாரடித்து அழவில்லை. சாவு என்பது இவ்வளவு சுத்தமாக, இவ்வளவு ஒழுங்காக, ஒரு பத்திக்குள் அடங்கி உட்கார்ந்திருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. அன்றே முடிவு செய்துவிட்டாள். இதுதான் படிப்பு.

"இதெல்லாம் கஸ்டமர்கிட்ட காட்டுவியாப்பா?" என்று கேட்டாள் அப்போது.

"காட்டினா ஓடிடுவான்," என்றார் அவர். "இந்தத் தொழில்ல ஒண்ணே ஒண்ணுதான் பாப்பா. கஸ்டமர் கேக்கற நம்பரைச் சொல்லக்கூடாது. அவரு தாங்கற நம்பரைச் சொல்லணும்." சொல்லிவிட்டுச் சட்டைப்பையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டினார். யாரிடம் எந்த நம்பரைச் சொல்வதற்கு முன்னாலும் அவர் அப்படித்தான் செய்வார். ஒரு பழக்கம்.

"ஆஸ்பத்திரி வந்துடுச்சு," என்றாள் மெரின்.

விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் வந்த பஸ்கள் நோயாளிகளை இறக்கிக்கொண்டிருந்தன. ஒயர் கூடை, பாய், சுடுதண்ணி பிளாஸ்க். ரோட்டுக்கு இந்தப் பக்கம் வரிசையாகக் கடைகள். நாலாவது கடையில், நீலத் தார்ப்பாய் நிழலில், ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அப்பாவின் மொபெட்.

துர்கா வண்டியிலிருந்து இறங்கினாள். "செல்வாம்பாள் கடைதானே?"

"நான்தான். டீயா?"

"கொளஞ்சின்னு ஒருத்தர் வீடு தேடி வந்தோம்."

"வீடா? அவுரு வீடு எனக்கு எப்படிம்மா தெரியும்? டவுன் பக்கம்னு சொல்லுவாரு. இப்ப உள்ள இருக்காரு. இன்னிக்கு டோக்கன் அறுவத்தி நாலு, லேட்டாவும்."

உள்ளே. துர்கா திரும்பி ஆஸ்பத்திரி கேட்டைப் பார்த்தாள். கொளஞ்சி நோயாளியா? பாவம், அதனால்தான் பாலிசி போட முடியவில்லையா? மனதில் ஒரு முடிச்சு அவிழ்ந்த மாதிரி இருந்தது.

"அவருகூட ஒருத்தர் வருவாரே, இன்சூரன்ஸ்காரர். அவரு எங்க?"

"கூடவா?" செல்வாம்பாள் டம்ளரைக் கீழே வைத்தார். "பதினோரு வருஷமா பாக்கறேன், கூட ஒரு ஈ காக்கா வந்ததில்ல. தனியாத்தான் வருவாரு. தனியாத்தான் போவாரு. அதோ நிக்குதே, அதான் அவுரு வண்டி."

முகப்பில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் ‘துர்கா துணை’ என்று எழுதியிருந்தது. அவள் ஆறாம் வகுப்பில் ஒட்டியது.

"போன வருஷம் வரிக்கும் ஒரே மூச்சுல ரோட்டைத் தாண்டுவாரு," செல்வாம்பாள் சொல்லிக்கொண்டே போனார். "இப்ப முடியல. நடுவுல அந்தத் திட்டுல குந்திக்கினு, மூச்சு வாங்கிட்டு, அப்புறந்தான் இந்தப் பக்கம் வர்றாரு. நான் கடைப் பையன... ஏம்மா, நீ யாரு? ஏன் மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?"

மெரின் துர்காவின் கையைப் பிடித்தாள்.

---

இருதயப் பிரிவுக்குப் போகும் நீண்ட தாழ்வாரத்தில் அம்புக்குறி பலகைகள் தொங்கின. எக்ஸ்ரே இடது. இரத்த வங்கி வலது. பிணவறை நேராக. துர்கா கடைசிப் பலகையைப் படிக்காமல் தாண்டினாள்.

அப்பா சுவரோரப் பெஞ்சில் இருந்தார். மடியில் ஒரு தடித்த ஃபைல். முழங்கை மடிப்பில் பஞ்சு. வீட்டில் எப்போதும் நேராக நிமிர்ந்து உட்காருகிறவர், இங்கே முதுகைச் சுவரிடம் ஒப்படைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் நிமிரப் பார்த்து, பிறகு விட்டுவிட்டார்.

"டீக்கடையம்மா காட்டிக் குடுத்துடுச்சா."

துர்கா அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். மெரின் தூரத்துத் தூணோடு நின்றுவிட்டாள்.

"கொளஞ்சி யாருப்பா?"

"எங்கம்மா கொளஞ்சியப்பருக்கு வேண்டிக்கிட்டு வச்ச பேரு. ஸ்கூல்ல சேக்கறப்ப வாத்தியாரு, ‘இதென்னய்யா பேரு’ன்னு பலராமன்னு எழுதிட்டாரு. எங்கம்மாவோட போச்சு அந்தப் பேரு. டீக்கடையில கேட்டப்ப வாயில அதான் வந்துச்சு."

"உனக்கு என்ன?"

"ஹார்ட் பெருசாயிடுச்சு. ஊரே நமக்குப் பெரிய மனசுன்னு சொல்லுது, நம்பினியா? டாக்டர் படம் புடிச்சே பாத்துட்டாரு." சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

"பதினோரு வருஷமாவா?"

"உனக்கு எட்டு வயசு. உன்னை நாமினியாப் போட்டு ஒரு பாலிசி எடுக்கலாம்னு நினைச்சேன். ஊருக்கெல்லாம் போடறேன், எனக்கு ஒண்ணு போட்டுக்க மாட்டேனா? மெடிக்கல் டெஸ்ட் எடுத்தாங்க. அதுலதான் தெரிஞ்சிது. அப்ளிகேஷன் திரும்ப வந்துடுச்சு. ஒரே ஒரு லெட்டர், நாலு வரி. தர இயலாதுன்னு." ஃபைலை விரலால் தட்டினார். "அந்த முடிவை எடுத்தவரு உத்தியோகம் என்னான்னு பெரிய ஆபீசுல விசாரிச்சேன். சொன்னாங்க. ஆக்சுவரின்னு."

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது.

துர்கா அவரையே பார்த்தாள். "அப்ப உனக்கு அந்த வார்த்தை தெரியும்."

"பதினோரு வருஷமா தெரியும். திடீர்னு ஒருநாள் நீ வந்து அதையே படிக்கணும்னு நிக்கற. நான் என்ன பண்ணுவேன்? கிண்டலா சொன்னாத்தான் பாப்பா அது தொண்டைக்குள்ள போச்சு."

உள்ளேயிருந்து ஒரு குரல் ஐம்பத்தெட்டு என்றது. ஒரு குடும்பம் எழுந்து போனது.

"டைரியில நாமினின்னு என் பேரைப் போட்டிருக்க."

"ரிஜெக்ட் ஆனாலும் கஸ்டமர் கஸ்டமர்தானே." பிறகு மெதுவாக, "அம்மாவுக்குத் தெரியாது. சீக்காளி ஏஜென்ட்டுகிட்ட எவனும் பாலிசி போட மாட்டான், அது ஒண்ணு. வீட்டுல ஒருத்தராவது நிம்மதியா தூங்கணும்னு நினைச்சேன், அது ரெண்டாவது. நானே சொல்லிக்கறேன். நீ சொல்லாத."

துர்கா ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தாள். மடித்த விண்ணப்பத்தை எடுத்தாள். நாலாகக் கிழித்தாள்.

"நான் போகல."

"ஏய்."

"நான் இங்கயே மேத்ஸ் படிக்கறேன். ஆக்சுவரி பரீட்சையெல்லாம் இங்கேருந்தே எழுதிக்கலாம், மெரின்கூடச் சொன்னா. நீ தனியா இங்க வந்து உக்காந்துகினு இருப்ப, நான் அங்க போயி, எவனோ ஒருத்தன் அப்ளிகேஷன்ல நாலு வரி எழுதக் கத்துக்கணுமா?"

"கத்துக்கத்தான் வேணும்." அப்பாவின் குரல் திடீரென்று ஏஜென்ட்டின் குரலாகிவிட்டது. கஸ்டமர் எழுந்து போகப் பார்க்கும்போது வருகிற குரல். அமைதியான, அவசரமில்லாத, பெருமாள் கோயில் பட்டர் மாதிரியான குரல். "அந்த ஆளு மேல எனக்குக் கோவம் இல்ல. அவன் கணக்கு சரிதான். ஆனா அந்த நாலு வரியை எழுதறப்ப அவனுக்கு என்னைத் தெரியாது. உனக்குத் தெரியும். நீ எழுதறப்ப அஞ்சாவது வரி ஒண்ணு எழுதுவ. அதுக்குத்தான் உன்ன மாதிரி ஒருத்தி அங்க உக்காரணும்."

"எனக்கு வேணாம்."

"நான் இன்னும் முடிக்கல. டாக்டர் என்ன சொன்னாருன்னு கேக்கவே இல்லியே நீ."

கேட்கத்தான் அவளுக்குப் பயம். அட்டவணையில் ஐம்பத்திரண்டு வயசுக்காரருக்கு எத்தனை வருடம் என்று அவளுக்கு மனப்பாடம். அது இந்தப் பெஞ்சுக்குச் செல்லாது என்பதும் தெரியும்.

"எத்தினி?" என்றாள்.

அப்பா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். மாட்டினார்.

"பத்து வருஷம்."

"நிஜமா?"

"இப்ப புதுசா மாத்திரை வந்திருக்குதாம். ஒழுங்கா முழுங்கினா பத்து வருஷம் தாராளம்னாரு. உப்பைக் குறைக்கணும், அதான் கஷ்டம். உங்கம்மா குழம்புல அதையும் எடுத்துட்டா என்ன இருக்கு?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நம்பிக்கை என்பது கெட்டது. ஒரு நம்பரைக் கொடுத்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிடும்.

"அப்ப ஏன்ப்பா ஒரு மாசமா என்னோட ரெண்டு வருஷம், ரெண்டு வருஷம்னு பேரம் பேசின?"

அப்பா எதிர்ச்சுவரைப் பார்த்தார்.

"உன்னை விட்டுட்டு இருக்கணுமேன்னு. வேற என்னா. மூணுல ஒண்ணு குறைஞ்சா லாபந்தானே." அவள் தலையில் கை வைத்தார். அந்தக் கை முன்பைவிட லேசாக இருந்தது. "சொல்லு. பத்துல மூணு போனா?"

ஒன்றாம் வகுப்பில் கேட்ட அதே தொனி. அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"ஏழு."

"ஏழு வருஷம் நீ சம்பாரிச்சு நான் உக்காந்து சாப்புடுவேன். போதுமா?"

"ஃபாரத்தைக் கிழிச்சிட்டேனே."

"அது சும்மா காயிதம். நான் காலையில ஒம்பது மணிக்கே காலேஜுக்குப் போயி, வேற ஒண்ணு வாங்கி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுத்தான் இங்க வந்தேன். பிரின்சிபால் கையெழுத்தாகி மூணு மணிக்கு ரெடியா இருக்கும்னாங்க அந்த மேடம். போயி வாங்கிக்க." வார்டுக் கதவைப் பார்த்தார். "என் நம்பர் வரப்போவுது. டாக்டர் முன்னாடி நீ அழுதுகினு நின்னா எனக்கு மானம் போயிடும். போ, பாப்பா. நாலு மணிக்குப் பூட்டிடுவாங்க."

அவள் எழுந்தாள். பத்தடி போனாள். திரும்பினாள்.

"பத்து வருஷம் சத்தியமா?"

"கோரிமேட்டு கஸ்டமர் வாக்கு," என்றார் அப்பா. "பெரிய பார்ட்டி."

---

கல்லூரிப் படியை அவள் ஏறும்போது மணி மூன்று ஐம்பது. மெரின் கீழேயே வண்டியோடு நின்றாள். வழி முழுக்க துர்கா பேசிக்கொண்டு வந்திருந்தாள். மூன்று வருடம் முடிந்ததும் முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு என்ன, சென்னையில் இன்னொரு டாக்டரைப் பார்க்கலாமா, மாதம் முதல் வெள்ளிக்கிழமை காலை பஸ் பிடித்தால் அறுபதாவது டோக்கனுக்குள் வந்து சேர முடியுமா. பத்துக்குள் எல்லாம் அடங்கியது. பத்து பெரிய எண்.

ஆபீசில் அமுதவல்லி மேடம் டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா. இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா திங்கக்கிழமைதான்." ஒரு நீளக் கவரை எடுத்து நீட்டினார். "பாத்துக்க. எழுத்துப் பிழை இருந்தா இப்பவே சொல்லு."

பிறகு தடித்த பதிவேட்டைத் திருப்பி வைத்தார். "இங்க வாங்கினதுக்குக் கையெழுத்துப் போடு."

இரண்டாமாண்டு கணிதம். பெயர்களின் வரிசை. நடுவில் அவள் பெயர். அதன் மேல் சிவப்பு மையில் ஸ்கேல் வைத்து இழுத்த ஒரு கோடு. இனி இந்த வகுப்பில் அவள் இல்லை. கையெழுத்துப் போட்டாள். இந்த முறை அவளுடைய சொந்தக் கையெழுத்து.

பதிவேட்டோடு சேர்த்து அப்பா கொடுத்த விண்ணப்பம் குத்தப்பட்டிருந்தது. எறும்பு எழுத்து. ‘விலகுவதற்கான காரணம்’ என்ற இடத்தில், ‘மகள் ஆக்சுவரி ஆவதற்காக.’

"என்னென்னவோ காரணம் பாத்திருக்கேன், இது புதுசு," என்றார் அமுதவல்லி. "நான்கூட மார்ச்சுவரியான்னு கேட்டேன். இல்ல மேடம்னு ஒவ்வொரு எழுத்தா சொன்னாரு. நல்ல மனுஷன்."

துர்கா சிரித்தாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு. அப்படியே கண்ணைக் கீழே இறக்கினாள்.

‘பெற்றோர் அல்லது பாதுகாவலர்’ என்ற கட்டத்தில் பலராமன் என்று முன்பே அச்சாகியிருந்தது. அதன் மேல் ஒரு கோடு. பக்கத்தில் அதே எறும்பு எழுத்தில், ‘சுமலதா (தாய்)’. அதற்கு அம்மாவின் ஆதார் நகல். அம்மாவின் போன் நம்பர். கோட்டின் ஓரத்தில் அப்பாவின் சிறு கையெழுத்து, நாமினி மாற்றும்போது பாலிசித் தாளில் போடுவாரே, அந்த மாதிரி.

"இது எதுக்கு மேடம்? அப்பாதானே கையெழுத்துப் போட்டிருக்காரு?"

"அதைத்தான் நானும் கேட்டேன்." அமுதவல்லி பீரோவைச் சாத்திச் சாவியைத் திருப்பினார். "மார்க் ஷீட்டு, அது இதுன்னு நடுவுல எதுக்காவது இங்க வரவேண்டி இருக்கும், அப்ப கையெழுத்துப் போட வீட்டுல ஆளு இருக்கணும் இல்லியா, அதான் பேரை இப்பவே மாத்திக் குடுத்துடுங்கன்னாரு. நீங்கதான் இருக்கீங்களே சார்னேன். ஒரு நிமிஷம் பேனா மூடியக் கழட்டிக் கழட்டி மாட்டுனாரு. அப்புறம் பேனாவைப் பாக்கெட்டுலயே வச்சிட்டாரு. ‘ரெண்டு வருஷம்தான் மேடம் நான் இங்க இருப்பேன். பொண்ணு மூணாவது வருஷம் முடிக்கறப்ப இருக்க மாட்டேன். அவளுக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க’ன்னாரு."

நாக்கைக் கடித்துக்கொண்டார் அமுதவல்லி. பிறகு, சொன்னது சொன்னதுதானே என்று, மேஜை மேல் குனிந்து ரகசியக் குரலில் கேட்டார்.

"ஏம்மா, பேப்பரெல்லாம் வந்துடுச்சா? பிரான்சுக்குத்தானே போறாரு உங்கப்பா?"